நனவு கனவாகுமோ: பல நூற்றாண்டு வழக்கொன்றின் வரலாறு

விழிப்பில் காணும் உலகம் கனவில் காணும் உலகத்தினின்றும் உண்மையிலேயே வேறானதா என்னும் கேள்வியை இந்திய மெய்யியலார் பல நூற்றாண்டுகளாக எழுப்பி வந்துள்ளனர். ஆயினும் தனித்திருந்து மலைத்த ஒருவரின் ஐயமாக அது நூல்களில் பதிவாகவில்லை. ஒரு சமயத்தார் தம் கொள்கையை நிறுவவும், மறு சமயத்தார் அதனைத் தகர்க்கவும் எடுத்தாண்ட வாத உத்தியாகவே அது வளர்ந்தது. பௌத்தர் தொடுத்த வாதத்தை மீமாஞ்சகர் மறுத்தனர். அத்துவைதிகள் அதனைத் தமக்கேற்ப மாற்றி ஏற்றனர். வைணவ ஆசாரியரும் சைவ சித்தாந்திகளும் அத்துவைதிகளை எதிர்த்தனர். இவ்வழக்கின் பிற்பகுதி பெரும்பாலும் தமிழ் நிலத்தில் நடந்தது. உலகம் உண்டா இல்லையா என்பதே வெளிப்படையான பொருளாக இருந்தபோதிலும், வழக்காடியவர் அனைவரையும் இறுதியில் இடர்ப்படுத்தியது வேறொரு கேள்வி என்பது நூல்களை வரிசையாக நோக்குவார்க்குப் புலப்படும்: நனவும் கனவே எனில், அக்கனவில் உடன் நடமாடும் பிறர் யார்?

தமிழின் பழைய இலக்கியத்தில் கனவு ஐயத்துக்குரிய பொருளாக இல்லை. சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தன் தோழியிடம் கூறும் தீக்கனவு பின்னர் நிகழவிருப்பதை முன்னறிவிக்கிறது; கனவு அங்கே உண்மையின் தூது. திருக்குறளின் நூற்றிருபத்திரண்டாம் அதிகாரமாகிய ‘கனவுநிலை உரைத்தல்’ நனவையும் கனவையும் அருகருகே நிறுத்துகிறது. இரண்டும் கண்ட பொழுதில் ஒரே அளவில் இனியன என்றும், நனவு என ஒன்று குறுக்கிடாவிட்டால் கனவில் வந்த காதலர் பிரியவே மாட்டார் என்றும் தலைவி கூறுகிறாள். மெய்யியலார் பெருமுயற்சியுடன் நிறுவ முனைந்த சமநிலையை அவள் ஏக்கத்தால் எட்டிவிடுகிறாள் என்று கூறத் தகும். ஆனால் உலகம் பொய் என்னும் முடிவு அவளுக்குத் தேவைப்படவில்லை. அவள் அதனை நாடவும் இல்லை.

மெய்யியல் வழக்கின் வித்து உபநிடதங்களில் உள்ளது. பிருகதாரணியக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் சனகனுக்கு உரைக்குமிடத்து, தேரும் வழியும் இல்லாத கனவுநிலையில் அவற்றை உயிரே படைத்துக்கொள்கிறது என்று காட்டப்படுகிறது. பன்னிரண்டு சிறு பகுதிகளே கொண்ட மாண்டூக்கிய உபநிடதம், நனவாகிய சாக்கிரம், கனவாகிய சொப்பனம், கனவற்ற உறக்கமாகிய சுழுத்தி என்னும் மூன்று நிலைகளையும், அவற்றைக் கடந்த நான்காம் நிலையாகிய துரியத்தையும் வகுக்கிறது. இவ்விரு நூல்களிலும் கனவு, உயிரின் இயல்பை அறிவதற்கான வாயிலாக நிற்கிறதேயன்றி, நனவைப் பொய்யென்று காட்டும் சான்றாகப் பயன்படவில்லை.

அச்சான்றாக அதனை முறைப்பட ஆண்டவர்களுள் முதன்மையானவர் வசுபந்து. ஏறத்தாழ நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த இப்பௌத்த அறிஞர், அறிவுக்குப் புறம்பாகப் பொருள் இல்லை என்னும் விஞ்ஞானவாதக் கொள்கையை நிறுவ ‘விம்சதிகை’ என்னும் சிறுநூலை இயற்றினார். புறப்பொருள் இல்லையெனில் ஒன்று குறிப்பிட்ட இடத்திலும் காலத்திலும் மட்டுமே தோன்றுவது ஏன், ஒரே பொருளைப் பலரும் ஒருங்கே காண்பது எவ்வாறு, உணவு பசி தீர்ப்பதுபோல் பொருள்கள் பயன் விளைப்பது எவ்வாறு என எதிர்த்தரப்பின் தடைகளை அவரே எடுத்துரைக்கிறார். இடமும் காலமும் கனவிலும் வரையறுக்கப்பட்டே தோன்றுகின்றன; கனவு உடலில் மெய்யான விளைவையும் உண்டாக்குகிறது; ஆகவே அவ்விரு தடைகளுக்கும் கனவையே விடையாக்குகிறார். ஆனால் பலரும் ஒன்றையே காண்பதற்குக் கனவு உவமையாகாது என்பதை அவர் அறிந்திருந்தார். அதனால் அவ்விடத்தில் மட்டும் கனவை விடுத்து, ஒத்த வினையுடைய பிரேதங்களாகிய ஆவிகள் அனைத்தும் தூய ஆற்றைச் சீழாகவே காண்கின்றன என்னும் பௌத்த நம்பிக்கையை நாடுகிறார். இவ்வழக்கின் தலைசிறந்த வாதி தம் உவமையின் எல்லையை அறிந்து அதனைக் கைவிட்ட இடம் இதுவாதலின், பின்வந்த விவாதம் முழுவதற்கும் இது திறவுகோலாகிறது.

மீமாஞ்சகர்கள் இதனை வன்மையாக எதிர்த்தனர். ஏழாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் குமாரிலபட்டர், கனவுக்காட்சியும் முன்பு விழிப்பில் கண்ட புறப்பொருள்களே இடமும் காலமும் மாறித் தோன்றுவதாகும் என்று கொண்டு, கனவுகூடப் பொருளற்ற அறிவன்று எனத் தம் ‘சுலோகவார்த்திக’த்தில் வாதிட்டார். உவமையாகக் காட்டப்பட்ட கனவே வாதிக்குத் துணைநில்லாது என்பதே அவர் மறுப்பின் உட்கிடை.

பிரமம் ஒன்றே மெய் என்னும் அத்துவைத மரபில் இவ்வாதத்தின் உச்சியாக நிற்பது கௌடபாதரின் மாண்டூக்கிய காரிகை. நான்கு பிரகரணங்களில், அதாவது பகுதிகளில், 215 செய்யுட்களாக அமைந்த இந்நூலின் இரண்டாம் பகுதி, பொய்ம்மை என்று பொருள்படும் ‘வைதத்தியம்’ என்னும் பெயர் பெற்றுள்ளது. கனவில் காணும் யானைகளும் மலைகளும் உடலின் குறுகிய இடத்துக்குள் அடங்கமாட்டா. நெடுந்தொலைவிலுள்ள ஊருக்குச் சென்று மீளக் கனவுக்காலம் போதாது. விழித்தவன் தான் கனவில் சென்ற ஊரில் இருப்பதுமில்லை. ஆகவே கனவுப்பொருள் பொய் என்பதை எவரும் ஒப்புவர். அதன்பின் அவர், காணப்படுதல் என்னும் தன்மை இரு நிலைகளுக்கும் பொதுவாக இருத்தலாலும், முதலிலும் முடிவிலும் இல்லாதது இடையிலும் இல்லை என்னும் நியாயத்தாலும், நனவுப்பொருளும் அத்தகையதே என்று முடிக்கிறார். நனவில் உண்ட உணவு பசி தீர்க்கிறதே என்னும் தடைக்கு விடை கூறுமிடத்து, வயிறார உண்டு உறங்கியவனும் கனவில் பசியால் வாடுகிறான் என்பது சுட்டப்படுகிறது. நனவின் உணவு கனவின் பசிக்கும், கனவின் உணவு நனவின் பசிக்கும் பயன்படாமையால், பயன்விளைத்தல் என்பது அந்தந்த நிலைக்குள் அடங்கியதேயன்றி மெய்ம்மைக்கு அளவுகோலாகாது. இவ்விடையின் கூர்மையை எதிர்த்தரப்பினரும் குறைத்து மதிப்பிட்டதில்லை. ‘அலாதசாந்தி’ என்னும் நான்காம் பகுதியில், சுழற்றப்படும் கொள்ளிக்கட்டை வட்டமாகத் தோன்றுவதை உவமையாக்கி அறிவின் அசைவே உலகத் தோற்றம் என்று காட்டும் அவர், கனவில் நண்பரோடு உரையாடியவன் விழித்தபின் அவ்வுரையாடலை எங்கும் காண்பதில்லை என்றும் குறிப்பிடுகிறார். பிறர் என்னும் கேள்வி இங்கே ஒரு கணம் தலைகாட்டுகிறது. ஆயினும் அந்நண்பர் கண்டது என்ன என்று கௌடபாதர் வினவவில்லை.

சங்கரரின் நிலை இருமுகமானது. கௌடபாதரின் காரிகைக்கு உரைசெய்யுமிடத்து நனவும் கனவும் ஒப்பனவே என்னும் வாதத்தை அவர் முழுமையாக ஏற்று விளக்குகிறார். ஆனால் பிரமசூத்திர உரையில் விஞ்ஞானவாதியை மறுக்குமிடத்து, நனவு கனவைப் போன்றதன்று என அதே உறுதியுடன் வாதிடுகிறார். கனவு விழித்தவுடன் ‘பாதம்’ அடைகிறது, அதாவது பின்வந்த அறிவால் பொய்யாக்கப்படுகிறது. நனவில் கண்ட தூணோ எந்நிலையிலும் அவ்வாறு பொய்யாக்கப்படுவதில்லை. மேலும் கனவு நினைவின்பாற்பட்டது, நனவோ நேர்க்காட்சி என்பது அவர் கூறும் வேறுபாடு. இதனை முரண்பாடு என்று எதிரிகள் சாடினர். மரபினரோ, கனவுபோல் தோன்றும் அளவில் மட்டும் உள்ள பிராதிபாசிகம், உலக நடப்புக்கு ஏற்ற வியாவகாரிகம், பிரமமாகிய பாரமார்த்திகம் என மெய்ம்மையை மூன்று படிகளாக வகுத்து இதற்கு அமைதி கண்டனர். நனவு கனவைவிட மெய்யானது, பிரமத்தை நோக்க அதுவும் மெய்யன்று என்னும் இவ்வமைதி, சந்தையிலும் வேள்விச்சாலையிலும் பிறரோடு கூடி வாழும் வாழ்க்கைக்கு ஓர் இடம் ஒதுக்கித் தந்தது. சங்கரரின் தனிப்பெருமை கனவுவாதத்தைக் கையாண்டதில் இருப்பதைவிட, அதற்கு வரம்பிட்டதில்தான் இருக்கிறது என்று கருதுவதற்கு இடமுண்டு.

அவ்வரம்பும் போதாது என்றார் ஸ்ரீபெரும்புதூரில் தோன்றிய வைணவ ஆசாரியர் இராமானுசர். மரபுக் கணக்கில் 1017 முதல் 1137 வரை வாழ்ந்த இவர், எல்லா அறிவும் உள்ள பொருளையே பற்றுகிறது என்னும் கொள்கையினராதலின், கனவையும் பொய்யென ஒதுக்கவில்லை. தேரும் குளமும் உயிரால் படைக்கப்படுவன அல்ல. சிறுசிறு நல்வினை தீவினைகளின் பயனைத் துய்ப்பிக்கும்பொருட்டு, அந்த ஒருவனால் மட்டும், அந்தக் கால அளவில் மட்டும் காணப்படுமாறு இறைவனே அவற்றை மெய்யாகப் படைக்கிறான் என்று தம் பிரமசூத்திர உரையாகிய ஸ்ரீபாஷ்யத்தில் அவர் விளக்கினார். கனவு பொய்யாதலால் நனவும் பொய் என்னும் வாதத்தின் முதற்படியே இதனால் அகற்றப்படுகிறது. அதைவிட முக்கியமானது, கனவுக்கும் நனவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொய், மெய் என்பதிலிருந்து ஒருவர்க்குரியது, பலர்க்கும் பொதுவானது என்பதற்கு அவர் நகர்த்தியது. பிறர் என்னும் கேள்வி இங்கேதான் முதன்முறையாக விளக்கத்தின் அடித்தளமாகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தியான மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் அமைத்த சிவஞானபோதம், அவன், அவள், அது எனச் சுட்டப்படும் உலகைக் கொண்டே இறைவன் உண்டென்று உய்த்துணர்கிறது. உலகம் கனவாகிவிட்டால் அவ்வனுமானம் நிற்க இடமில்லை. ஆதலால் சித்தாந்திகள் கனவுவாதத்தைத் தம் சமயத்தின் வேரில் பாயும் கோடரியாகவே கண்டனர். மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், அதாவது பிறர்மதம் எடுத்து மறுக்கும் பகுதியில், பௌத்தரையும், உலகைப் பொய்யென்னும் அத்துவைதியாகிய மாயாவாதியையும் மறுத்தார். உமாபதி சிவாசாரியார் 1313இல் இயற்றிய சங்கற்ப நிராகரணம் மாயாவாதத்தையே முதலில் எடுத்துக்கொண்டது. உலகம் கனவெனில் வேதமும் குருவும் வீடுபேறும் அக்கனவுக்குள் அடங்கிவிடும் என்பது இத்தரப்பின் வலிய வினா. பொய்யும் மெய்ப்பயன் தரக்கூடும், கனவில் சிங்கத்தைக் கண்ட யானை திடுக்கிட்டு விழித்தல் போல என்பது வேதாந்திகள் கூறிவந்த விடை.

ஆயினும் சித்தாந்திகளின் பெரும்பணி மறுப்பில் முடியவில்லை. கனவைப் பற்றித் தமக்கே உரிய நுட்பமானதொரு கணக்கை அவர்கள் வகுத்தனர். காரிய அவத்தை எனப்படும் அன்றாட நிலைகளை அவர்கள் துரியாதீதத்தையும் சேர்த்து ஐந்தாக எண்ணினர். உயிர் உறக்கத்தில் புருவ நடுவிலிருந்து கண்டம், இதயம், உந்தி, மூலாதாரம் என ஒவ்வோரிடமாகக் கீழிறங்குகிறது என்றும், ஒவ்வோர் இறக்கத்திலும் சில கருவிகளை விட்டுச் செல்கிறது என்றும் கொண்டனர். நனவில் தொழிற்படும் கருவிகள் 35. அறிகருவி ஐந்தும் தொழிற்கருவி ஐந்தும் நீங்க, ஓசை முதலிய புலன்கள் ஐந்தும், பேச்சு முதலிய தொழில்கள் ஐந்தும், வாயுக்கள் பத்தும், மனம் முதலிய அந்தக்கரணங்கள் நான்கும், புருடனும் ஆக 25 கனவில் எஞ்சுகின்றன. சுழுத்தியில் பிராணன், சித்தம், புருடன் என மூன்றும், துரியத்தில் பிராணனும் புருடனும் ஆக இரண்டும், துரியாதீதத்தில் புருடன் ஒன்றுமே நிற்கும். கண் இல்லாமலே காட்சியும், செவி இல்லாமலே ஓசையும் கனவில் நிகழ்வதற்கு இக்கணக்கு தரும் விளக்கம் தெளிவானது: கருவிகள் பத்தும் கழன்றன, அவற்றின் புலன்கள் கழலவில்லை. கனவு என்பது இங்கே பொய்க்காட்சியன்று. கருவி குறைந்த அறிவு. நனவும் முழுநிறைவானதன்று, திருவருள் கூடாதவிடத்து உயிர் விழித்திருந்தும் அறியாமையிலேயே உள்ளது. ஆகவே உலகிலிருந்து விழித்தெழுவது சித்தாந்தியின் குறிக்கோளாகவில்லை; நனவில் இருந்தவாறே அருளில் நிற்கும் நின்மல அவத்தையே அவர் நாடியது. பதினெட்டாம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் இயற்றிய மாபாடியம் இக்கொள்கைகளுக்கெல்லாம் விரிந்த உரையாக அமைந்தது.

இதற்கிடையே அத்துவைதத்துக்குள்ளேயே பிறர் பற்றிய கேள்வி முற்றி வெடித்தது. நனவும் கனவே எனில் கனவு காண்பவர் எத்தனை பேர்? ஒருவரே என்போர் ஏகசீவவாதிகள். பலர் என்போர் நாநாசீவவாதிகள். பதினாறாம் நூற்றாண்டில் ஆரணிக்கு அருகிலுள்ள அடையபலத்தில் தோன்றிய அப்பைய தீட்சிதர், தமக்கு முற்பட்ட அத்துவைதிகளின் மாறுபட்ட கருத்துகளைத் திரட்டித் தந்த ‘சித்தாந்தலேச சங்கிரகம்’ என்னும் நூலில் இவற்றை வரிசைப்படுத்துகிறார். அவற்றுள் மிகக் கடுமையான கொள்கையின்படி, உயிருள்ள உடல் ஒன்றே உண்டு. ஏனைய உடல்கள் அனைத்தும் கனவில் காணும் உடல்களைப் போல உயிரற்றவை. முன்னோர் சிலர் வீடுபெற்றனர் என்னும் செய்தியும் கனவில் பிறன் ஒருவன் விடுதலை பெறக் கண்டதை ஒத்ததே. வாதத்தின் நெறியில் வழுவாமல் இறுதிவரை சென்ற முடிவு இது. தாயும் ஆசிரியனும் மாணவனும் வெறுந்தோற்றமாகும் இம்முடிவை நேர்நின்று ஏற்கும் துணிவு சிலருக்கே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துராமலிங்க ஆண்டவர் காரைக்குடிக்கு அருகே நிறுவிய கோவிலூர் வேதாந்த மடம், பதினாறு நூல்கள் கொண்ட தன் பாடவரிசையைத் தொடங்கியது ‘நாநாசீவவாதக் கட்டளை’ என்னும் நூலைக் கொண்டுதான். மாணவன் கற்கத் தொடங்கும்போதே உயிர்கள் பல என்னும் தரப்பில் நிறுத்தப்பட்டான் என்பது மடத்தார் இவ்விடரை எவ்வளவு உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகிறது.

அதே பாடவரிசையில் இடம்பெற்ற ஞானவாசிட்டம், வாதத்தால் எட்டாததைக் கதையால் எட்ட முயன்ற நூல். யோகவாசிட்டத்தின் சுருக்க வடிவை ஒட்டி வீரை ஆளவந்தார் ஏறத்தாழ இரண்டாயிரம் விருத்தங்களில் இதனைத் தமிழாக்கினார். இதிலுள்ள இலவணன் கதை தனிக்கவனத்துக்கு உரியது. அரசவைக்கு வந்த இந்திரசாலக்காரன் ஒருவன் மயிற்பீலியைச் சுழற்ற, அரசன் சிறிது பொழுது அசைவற்று இருக்கிறான். அப்பொழுதுக்குள் குதிரையொன்றால் காட்டுக்குள் ஈர்த்துச் செல்லப்பட்டு, பசியால் வாடி, உணவளித்த புலைமகளை மணந்து, மக்களைப் பெற்று, முதுமையெய்தி, பஞ்சத்தில் தீப்பாயத் துணியும்வரை ஒரு முழு வாழ்வை வாழ்ந்து விழிக்கிறான். கதை இத்துடன் முடிந்திருந்தால் காலத்தின் பொய்ம்மைக்கு மட்டுமே சான்றாகியிருக்கும். ஆனால் அரசன் அக்காட்டைத் தேடிச் செல்கிறான். சென்றவிடத்தில் அதே ஊரையும், இறந்தவர்களுக்காக அழுதுகொண்டிருக்கும் அதே முதியவளையும் காண்கிறான். ஒருவனுடைய மயக்கத்தில் தோன்றிய மாந்தர் அவனைத் தம் உறவினனாக நினைவுகூர்ந்து துயருறுகின்றனர். கனவு ஒருவர்க்கே உரியது என்னும் இராமானுசரின் வரம்பை இக்கதை அழிக்கிறது. அதே வேளையில், பிறர் வெறுந்தோற்றம் என்னும் ஏகசீவவாதியின் முடிவையும் அந்த முதியவளின் அழுகை ஏற்க விடுவதில்லை. இவ்வழக்கில் எழுந்த நூல்களுள் இத்துணை ஆழமான மனவுணர்வோடு பிறரைக் கண்டது வேறில்லை எனலாம்.

நன்னிலம் தாண்டவராய சுவாமிகளின் கைவல்லிய நவநீதமோ எளிமையால் பரவியது. தத்துவ விளக்கப் படலம், சந்தேகம் தெளிதற் படலம் என இரண்டாக அமைந்து, மாணவன் வினவ ஆசிரியர் விடையிறுக்கும் முறையில் செல்லும் இந்நூல், வடமொழி அறியாதார்க்கும் வேதாந்தத்தைக் கொண்டு சேர்த்தது. 1855இல் செருமானிய அறிஞர் கார்ல் கிரால் இதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்ததால் ஐரோப்பியரும் தமிழ் வேதாந்தத்தை அறிய நேர்ந்தது.

1896இல் திருவண்ணாமலையை அடைந்து 1950இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த இரமண மகரிஷி, கைவல்லிய நவநீதத்தையும் ஞானவாசிட்டத்தையும் அன்பர்களுக்கு எடுத்துக்காட்டி வந்தவர். சிவப்பிரகாசம் பிள்ளையின் வினாக்களுக்கு அவர் தந்த விடைகளிலிருந்து உருவான ‘நான் யார்?’ என்னும் சிறுநூல், நனவு நீண்டது, கனவு கணநேரத்தது என்பதன்றி இரண்டுக்கும் வேறுபாடில்லை என்கிறது. விடாப்பிடியாக வாதிட்டவர்களிடமும் அவர் இதிலிருந்து விலகவில்லை. எனினும் வாதத்தின் நோக்கத்தை அவர் மாற்றினார். பிறரின் நிலை என்ன என்று கேட்டவரிடம், கேட்பவர் யார் என்பதை முதலில் அறியுமாறு கூறித் திருப்பினார். இதனை மழுப்பல் எனக் கொள்வது பொருந்தாது. தான் என்பது இன்னதென்று தெளியாதவரையில் பிறர் என்பதும் தெளியாது என்னும் நிலையே அது. வசுபந்து முதல் எவரும் விடுவிக்காத முடிச்சை, அதன் மறுமுனையிலிருந்து அவிழ்க்கும் முயற்சியாக அதனை மதிப்பிட வேண்டும்.

ஆனால் அம்முயற்சிக்கு உரிய ஓய்வும் துறவும் அனைவர்க்கும் வாய்ப்பதில்லை. அதே காலத்தில் சுப்பிரமணிய பாரதியார் இவ்வழக்கைத் துறவியின் பக்கத்திலிருந்து எடுத்து இல்லறத்தாரின் முன் வைத்தார். ‘உலகத்தை நோக்கி வினவுதல்’ என்னும் பாடலில், நிற்பன, நடப்பன, பறப்பன, வானம், வெயில், மரச்செறிவு என ஒவ்வொன்றையும் நேரே விளித்து, நீங்களெல்லாம் கனவுதானா என்று அவர் அடுக்கடுக்காகக் கேட்கிறார். கேள்விகளின் விசையால் இப்பாடல் மாயாவாதப் பாடலாகவே பலர்க்கும் தோன்றக்கூடும். ஆயினும் இறுதி அடிகளில் அவர் காண்பதையே உறுதியெனக் கொண்டு, காணப்படுவது சக்தி என்றும் அக்காட்சி நிலையானது என்றும் முடிக்கிறார். உலகைக் கனவென்று தொடங்கும் வாதங்கள் அனைத்தும் உலகைப் பற்றிப் பேசின. பாரதியார் உலகோடு பேசினார். விளிக்கப்படும் ஒன்றை இல்லையென்று கூறுவது அரிது. ஆதலின் அவரை மாயாவாதியாக வகைப்படுத்துவது பாடலின் முற்பாதியை மட்டும் படித்ததன் விளைவாகும்.